பெயரே குற்றமான குலம்: யார் இந்த ராப் ராய் மெக்ரெகர்?

உங்க பெயரில் கையெழுத்துப் போடுவது சட்டப்படி குற்றம்னு நாளைக்கு ஓர் உத்தரவு வந்தா என்ன செய்வீங்க? வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், வேலை எல்லாமே வேறு பெயருக்கு மாறணும். ஸ்காட்லாந்தின் ராப் ராய்க்கு 22 வயதில் நடந்தது இதுதான்.

முதலில் பின்னணி. கிளான் என்பது ஸ்காட்லாந்து மலைநாட்டின் குல அமைப்பு. கேலிக் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பிள்ளைகள் என்று பொருள். மெக்ரெகர் என்றால் கிரெகரின் மகன். 1603-ல் க்ளென் ஃப்ரூயின் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில், மெக்ரெகர்கள் வேறொரு குலத்தினர் பலரைக் கொன்றனர். கோபமடைந்த மன்னர் ஆறாம் ஜேம்ஸ், மெக்ரெகர் என்ற பெயரையே தடை செய்தார். மீறினால் மரண தண்டனை. 1661-ல் நீங்கிய தடை, 1693-ல் திரும்ப வந்தது.

ராப் ராய் பிறந்தது 1671-ல், கேட்ரின் ஏரியின் தலைமாட்டில் உள்ள க்ளென்கைலில். செம்பட்டை முடி என்பதால் ராய், அதாவது சிவப்பு. தடைக்குப் பிறகு அம்மாவின் குலப்பெயரான கேம்பெல்லை எடுத்துக்கொண்டார்.

தொழில், மாட்டு வியாபாரம். கூடவே, கூலி வாங்கிக்கொண்டு அடுத்தவர் மாடுகளுக்குக் காவல். கூலி தரலைன்னா மாடு காணாமல் போகும்! நாம இன்னைக்குச் சொல்ற பிளாக்மெயில் என்ற வார்த்தை, ஸ்காட்லாந்தில் இப்படி நடந்த வசூலில் இருந்து வந்ததுதான்.

வியாபாரத்துக்காக மாண்ட்ரோஸ் டியூக்கிடம் பெருந்தொகை கடன் வாங்கினார். அவருடைய ஆளே பணத்தோடு ஓடிவிட்டதாகச் சொல்லப்படுகிறது. கடன் அடைபடலை. 1712-ல் தேடப்படும் குற்றவாளி ஆனார், நிலமும் போச்சு. அடுத்த பல ஆண்டுகள், டியூக்கின் மாடுகளையும் குத்தகைப் பணத்தையும் கொள்ளையடித்துப் பழிதீர்த்தார். பிடிபட்டார், தப்பினார். 1725-ல் சரணடைந்தார், மன்னிப்பு கிடைத்தது. 1734-ல் தன் வீட்டிலேயே இறந்தார்.

வால்டர் ஸ்காட் எழுதிய நாவலும் 1995-ல் வந்த ஹாலிவுட் படமும் அவரை ஏழைகளின் நாயகனாக்கின. நிஜத்தில் அவர் பாதி வியாபாரி, பாதி கொள்ளைக்காரர்.

பெயர்த் தடை முழுசா நீங்கியது 1774-ல், அவர் இறந்து 40 வருஷம் கழித்து. அதற்கு முந்தைய பதிவேடுகளை மட்டும் எண்ணினால், அந்தக் குலமே அழிஞ்சு போச்சுன்னு நினைப்பீங்க. ஆனால் அவங்க கேம்பெல், மர்ரே, டிரம்மண்ட் என்ற பெயர்களில் அதே மலைகளில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அடுத்த முறை ஒரு பட்டியலில் யாரோ இல்லைன்னு தெரிஞ்சா, அவங்க உண்மையிலேயே இல்லையா, இல்லை எழுத விடலையான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.