ஸ்ரீமந் நாதமுனிகளும் அலையும் மனமும்

உத்ஸவ காலத்தில் பெருமாளை ஸேவிக்க எழுந்தருளும் அன்பர்களில் பலர் முறையிட்டுக்கொள்ளும் குறை ஒன்று உண்டு. சந்நிதியில் கைகூப்பிக் கண்மூடி நின்ற கணத்திலேயே, வீட்டில் விட்டுவந்த கவலையும், வாசலில் விட்டுவந்த பாதரட்சையும், ஊர் திரும்பும் பேருந்தின் நேரமும் ஒன்றன்பின் ஒன்றாக மனத்தில் வந்து நின்றுவிடுகின்றன என்பதே அக்குறை. இது நம் காலத்தவர்க்கு மட்டும் உரியதன்று. பதஞ்ஜலி மகரிஷி தமது யோகசூத்திரத்தில், நோய், ஐயம், சோம்பல் முதலாகச் சித்தத்தைச் சிதறடிக்கும் இடையூறுகள் 9 என்று எண்ணிக் காட்டினார். கீதையின் 6ஆம் அத்தியாயத்தில் அர்ச்சுனனும் இதே குறையைக் கண்ணபிரானிடம் விண்ணப்பித்துக்கொண்டான்.

இத்திருவண்ணாமலைக்கு 1896ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் 16 வயது இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். ஆயிரங்கால் மண்டபத்தில் அமர்ந்த அவர்மீது சிறுவர்கள் கல்லெறிந்தனர். பாதாளலிங்கக் குகையில் பூச்சிகள் கடித்து உடம்பு புண்ணாயிற்று. அதனையும் அவர் உணராதிருந்தார். பின்னாளில் ஸ்ரீ ரமண மகரிஷி என்று உலகம் போற்றியது அவரையே என்பதை இவ்வூரார் நன்கறிவர். அத்தகைய நிஷ்டை கோடியில் ஒருவர்க்கு வாய்ப்பது. வாய்க்காத மற்றையோர்க்கு வழி யாது? இவ்வினாவுக்கு விடையாக அமைந்தது, நம் ஆசார்யர்களுள் முதல்வராகிய ஸ்ரீமந் நாதமுனிகளின் திவ்ய சரிதம்.

திருவவதாரம்

இன்று கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் என வழங்கும் தலமே பண்டைய வீரநாராயணபுரம். வீரநாராயணன் என்னும் விருதுப்பெயர் பூண்ட முதற் பராந்தக சோழன் (907–955) பெயரால் அமைந்த ஏரியே வீராணம் ஏரி. இவ்வூரில் சொட்டைக் குலத்தில், ஈசுவரபட்டருக்குத் திருக்குமாரராக, ஆனி மாதத்து அனுஷ நக்ஷத்திரத்தில் நாதமுனிகள் அவதரித்தார். குருபரம்பரை அவரது அவதாரத்தை 9ஆம் நூற்றாண்டில் வைக்கும். சரித்திர ஆராய்ச்சியாளர்கள் அவர் 10ஆம் நூற்றாண்டிலும் வாழ்ந்தவர் என்பர். அரங்கநாதன் என்பது அவரது திருநாமம். யோகத்தில் வல்லவரானமையால் முனி என்னும் சிறப்புப் பெற்றார்.

குடும்பத்துடன் வடநாட்டு யாத்திரை சென்று, யமுனைக் கரையில் கண்ணன் விளையாடிய தலங்களில் சிலகாலம் வாழ்ந்தார். காட்டுமன்னனார் கனவில் தோன்றி அழைக்க, ஊர் திரும்பிச் சந்நிதிக் கைங்கரியத்தில் ஈடுபட்டார். அந்த யமுனையின் நினைவாகவே பின்னர்த் தம் திருப்பேரனாருக்கு யமுனைத்துறைவன் என்று திருநாமம் அமைந்தது. அப்பேரரே ஆளவந்தார்.

பன்னீராயிரம் உரு

ஒருநாள் வெளியூரிலிருந்து வந்த ஸ்ரீவைஷ்ணவர்கள் சிலர், திருக்குடந்தை எம்பெருமானைப் பற்றிய திருவாய்மொழிப் பதிகத்தைச் சந்நிதியில் அநுசந்தித்தனர். அதன் நிறைவில், இது ஆயிரத்துள் ஒரு பத்து என்னும் குறிப்பு வந்தது. எஞ்சியவை எங்கே என்று நாதமுனிகள் வினவ, தாங்கள் அறிந்தது இவ்வளவே என்றனர். அந்த ஏக்கம் அவரைத் திருக்குடந்தைக்கும், அங்கிருந்து நம்மாழ்வார் அவதரித்த திருக்குருகூருக்கும் அழைத்துச் சென்றது. ஆங்கு மதுரகவிகளின் பரம்பரையில் வந்த பராங்குசதாஸர், கண்ணிநுண் சிறுத்தாம்பு என்னும் பிரபந்தத்தை உபதேசித்து, ஆழ்வார் திருமுன்பே 12,000 உரு ஓதினால் அவர் பிரசன்னமாவார் என்ற மரபையும் தெரிவித்தார்.

அப்பிரபந்தத்தில் 11 பாசுரங்கள் உள்ளன. 12,000 உரு என்றால் 1,32,000 பாசுரங்கள் ஆகின்றன. திருப்புளியாழ்வார் அடியில் அமர்ந்து அத்தனையும் ஓதி முடித்தார் நாதமுனிகள். யோகத்தில் தேர்ந்த அவருக்கு, கண்மூடி அமர்ந்த மாத்திரத்தில் மனம் அடங்கியிருக்கும். ஆயினும் அவர்க்கு விதிக்கப்பட்டது வெறும் மௌனத் தியானமன்று. வாயால் ஓதும் பாசுரம். இதனை நாம் ஊன்றி நினைத்தல் வேண்டும். வாக்கு ஒன்றைப் பற்றியிருக்குமாயின், மனம் விலகிப் போனாலும் திரும்பிவந்து சேர அதற்கு ஓர் இடம் இருக்கிறது. பற்றுக்கோடின்றிப் போன மனமோ போன இடத்திலேயே தங்கிவிடும்.

ஓதி முடித்தவர்க்கு ஆழ்வார் யோகநிலையில் காட்சி தந்து, நாலாயிரத்தையும் அதன் பொருளையும் யோக ரகசியத்தையும் அருளினார் என்பர் பூர்வர்கள். நாதமுனிகள் ஊர் திரும்பி, அவற்றை நாலாயிர திவ்யப் பிரபந்தமாக வகுத்து, தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வானையும் மேலையகத்தாழ்வானையும் கொண்டு இசையில் பயிற்றுவித்தார். ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய தலங்களில் இன்றும் நடைபெறும் அரையர் ஸேவை அவர் ஏற்றிவைத்த விளக்கேயாகும். பல தாளங்களை ஒருசேரத் தட்டியபோதும் ஒவ்வொன்றின் எடையையும் ஓசையாலேயே பிரித்தறிந்து கூறினார் என்றொரு வரலாறும் உண்டு. ஆரவாரத்தின் நடுவிலும் சிதறாத செவி அவருடையது.

யோகம் கலைந்த வேளை

அவர் யோகத்தில் எழுந்தருளியிருந்த ஒரு சமயம் சோழ மன்னன் தன் தேவியருடன் அவ்வழியே வந்தான். பரிவாரங்களின் ஓசையில் யோகம் கலைந்து கண் விழித்தார். மற்றொருவராயின், நிஷ்டைக்குப் பங்கம் நேர்ந்ததே என்று வருந்தியிருப்பர், சினந்திருப்பினும் வியப்பில்லை. நாதமுனிகளின் கண்ணுக்கோ அரசனும் தேவியரும் தோன்றவில்லை. கண்ணனும் ஆயர் மங்கையருமே தோன்றினர். எழுந்து அவர்கள் பின்னே சென்றார். உள்ளே எவனைத் தியானித்தாரோ அவனையே வெளியிலும் கண்டமையால், யோகம் கலைந்தும் அவர்க்குத் தியானம் கலையவில்லை.

இரு சீடர்கள்

நாதமுனிகளிடம் இரண்டு நிதிகள் இருந்தன: ஒன்று யோகம், மற்றொன்று பிரபந்தம். எது வேண்டும் என்று சீடர்களைக் கேட்டபோது, குருகைக் காவலப்பன் யோகத்தை வேண்டினார். திருவெள்ளறையைச் சேர்ந்த புண்டரீகாக்ஷரோ, சாவு நேர்ந்த வீட்டில் மணவிழாக் கொண்டாடுதல் தகாதவாறுபோல, உலகத்தார் துயருற்றுக் கிடக்கத் தாம் மட்டும் யோகசுகத்தில் திளைத்தல் தகாது என்று கருதி, யாவர்க்கும் உதவும் பிரபந்தத்தையே வேண்டினார். உலகம் உய்ய நினைத்தமையால் அவர் உய்யக்கொண்டார் ஆனார்.

பின்னாளில் ஆளவந்தார் யோகரகசியத்தைப் பெற விரும்பிக் காவலப்பனை நாடிச் சென்றார். நிஷ்டையைக் கலைக்க அஞ்சிச் சுவருக்குப் பின்னே ஓசையின்றி நின்றார். காவலப்பனோ உடனே விழித்து, சொட்டைக் குலத்தார் எவரேனும் வந்துளரோ என்று வினவினார். தம் யோகத்துள் காட்சி தந்துகொண்டிருந்த எம்பெருமான், தம்மை விட்டுத் தம் தோளுக்கு அப்பால் பலகால் எட்டிப் பார்த்தான் என்பதே அவர் கூறிய காரணம். நாதமுனிகளின் வம்சத்தார்பால் எம்பெருமானுக்கு அத்தனை வாத்ஸல்யம்! காவலப்பன் தாம் திருநாடு செல்லும் நாளைக் குறித்துத் தந்து, அதற்குமுன் வந்து உபதேசம் பெறுமாறு பணித்தார். ஆளவந்தார் திருவனந்தபுரத்தில் பெருமாளை ஸேவித்திருந்தபோது ஓலையை எடுத்துப் பார்க்க, குறித்த நாள் அன்றே என்று கண்டு கலங்கினார். காவலப்பனோடு யோகரகசியமும் மறைந்தது. உய்யக்கொண்டார் ஏற்ற பிரபந்தமோ, மணக்கால் நம்பி வழியாக ஆளவந்தாரையும், அவர்க்குப் பின் எம்பெருமானாரையும் அடைந்து, இன்று நம் செவிகளிலும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

திருநாடு

ஒருநாள் நாதமுனிகள் யோகத்தில் இருக்கையில், வில்லேந்திய இருவரும் ஒரு பெண்மணியும் ஒரு குரங்கும் அவரை நாடி வந்து சென்றதாக வீட்டார் பின்னர்த் தெரிவித்தனர். வந்தவர்கள் இராமபிரானும் இளைய பெருமாளும் பிராட்டியும் அனுமனுமே என்று துணிந்து, அவர்கள் சென்ற வழியே ஓடினார். கங்கைகொண்ட சோழபுரம் வரை தேடியும் காணப்பெறாமல், ஆற்றாமை மேலிட்டுத் திருநாடு எழுந்தருளினார் என்று குருபரம்பரை கூறும். (இராஜேந்திர சோழன் காலத்தில் எழுந்த அப்பெயரை, பின்வந்த நூலாசிரியர்கள் அவ்விடத்துக்கு இட்டு வழங்கினர் போலும்.)

அன்பர்கள் கொள்ள வேண்டுவது

இங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருக்கோவலூரில், மழை இரவொன்றில் முதலாழ்வார்கள் மூவரும் குறுகிய இடைகழியில் நெருங்கி நின்றனர். மேலும் ஒருவர் புகுந்து நெருக்குவதுபோல் தோன்றிற்று. நெருக்கியவன் எம்பெருமானே என்று கண்டு பாடினர். அவ்வந்தாதிகளையும் நாலாயிரத்தில் சேர்த்து நமக்குத் தந்தவர் நாதமுனிகளே. திருவிழாக் கூட்டத்தில் நெருக்குண்ணும்போது இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

ஆகவே அன்பர்கள், மனம் ஓடுகிறதே என்று தம்மையே நொந்துகொள்ள வேண்டா. தெரிந்த பாசுரம் ஒன்றை, அதுவும் இயலாவிடில் ஒரு திருநாமத்தை, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வலம் வருக. மனம் விலகியது தெரிந்தவுடன், வருந்தி நேரத்தைப் போக்காமல், விட்ட சொல்லிலிருந்து மீண்டும் தொடங்குக. ஓசையோ கூட்டமோ இடைப்பட்டால், அதனுள்ளும் அவன் உளன் என்று எண்ணுக. யோகம் அரியார்க்கு அரியதாய் மறைந்தது. எளியோர்க்கு எளியதாகிய பாசுரத்தை, நாதமுனிகள் நம் பொருட்டே தேடி வைத்தருளினார்.

ஸ்ரீமந் நாதமுனிகள் திருவடிகளே சரணம்.