அடா அம்மையாரும் நான்காவது வரியும்

பொது அறிவுப் புத்தகத்தில் ஒரே வரியில் முடிந்துபோகிற பெயர் அடா லவ்லேஸ். உலகின் முதல் புரோகிராமர், அவ்வளவுதான். எனக்கு அந்த ஒரு வரி பத்தவில்லை. எங்க குடும்பத்துல பத்தாவதைத் தாண்டின முதல் ஆள் நான். அச்சில் வந்துவிட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வீடு. சி லேபில் மாதிரி புரோகிராமை எழுத்து மாறாமல் அடிக்கிற நம்மில் பலரும் அப்படித்தானே!

அடா 1815 டிசம்பர் 10-ல் லண்டனில் பிறந்தார். அப்பா பெரிய கவிஞர், பைரன் பிரபு. குழந்தைக்கு ஒரு மாதம் ஆனபோதே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அப்பாவின் குணம் மகளுக்கும் வந்துவிடுமோ என்று பயந்த அம்மா, கணக்கைப் புகட்டி வளர்த்தார். 13 வயதில் தட்டம்மை வந்து, நடக்க முடியாமல் படுக்கையில் கிடந்து, ஊன்றுகோலோடு எழுந்தார். 17 வயதில், 1833-ல், சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார்.

கல்யாணம், மூன்று பிள்ளைகள் என்று ஆன பிறகும் படிப்பை விடவில்லை. கடிதம் வழியாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் அகஸ்டஸ் டி மார்கன். ஆமாம், டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பேப்பரில் நம்மைப் பாடாய்ப் படுத்தும் அதே டி மார்கன் தேற்றக்காரர்தான். 1806-ல் அவர் பிறந்தது நம்ம மதுரையில்!

பாபேஜ் திட்டமிட்ட அனலிட்டிக்கல் எஞ்சின் பற்றி மெனபிரேயா என்ற இத்தாலியர் 1842-ல் பிரெஞ்சில் ஒரு கட்டுரை எழுதினார். அடா அதை ஆங்கிலமாக்கி, தன் குறிப்புகளையும் சேர்த்து 1843-ல் வெளியிட்டார். குறிப்புகள் மூலக் கட்டுரையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு! கடைசிக் குறிப்பில் பெர்னூலி எண்ணைக் கணக்கிட 25 படிகள் கொண்ட ஓர் அட்டவணை. எந்தச் செயல், எந்த எண்களின் மேல், விடை எங்கே போய்ச் சேரும் என்று வரிவரியாக இருக்கும். நம்ம லூப் போலச் சில வரிகள் திரும்பத் திரும்ப வரும்.

இதற்கான கணக்கை பாபேஜே போட்டு அனுப்பியிருந்தார். அதில் பெரிய தவறு இருப்பதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார் அடா. அப்போது அவருக்கு 27 வயது. இதை பாபேஜே 1864-ல் தன் சுயசரிதையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதுவே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. எஞ்சினோ கடைசிவரை கட்டப்படவில்லை. ஓட்டிப் பார்க்க வழியே இல்லாத புரோகிராமைப் பேப்பரிலேயே சரிபார்த்திருக்கிறார்!

அப்படியும் அச்சில் ஒரு பிழை தங்கிவிட்டது. நான்காவது வரியைப் பாருங்கள். அந்த உதாரணத்தின்படி நான்காம் இடத்தில் 7, ஐந்தாம் இடத்தில் 9. ஏழை ஒன்பதால் வகுக்க வேண்டும். அச்சில் ஒன்பதை ஏழால் வகுக்கச் சொல்லியிருக்கிறது. ஆனால் அதே வரியில், விடை என்னவாக இருக்கவேண்டும் என்ற கட்டத்தில் சரியாகவே இருக்கிறது. பென்சிலோடு உட்கார்ந்தால் இரண்டும் ஒத்துவராதது தெரிந்துவிடும். வீட்டில் கேட்டுத் தெரிஞ்சுக்க ஆள் இல்லாத என்னை மாதிரிப் பசங்களுக்கு அந்தக் கட்டம்தான் வாத்தியார். நம்ம கையேடுகளில் பல மாதிரி புரோகிராம்களுக்கு அவுட்புட்கூடப் போடுவதில்லை. அப்புறம் தப்பு எங்கே என்று எதை வைத்துத் தேடுவது?

அந்த வரியை இன்று சி-யில் எழுதினால் இன்னொரு கண்ணி இருக்கு. இரண்டையும் இன்ட் என்று அறிவித்தால் பிழையான வரி 1 என்று காட்டும். திருத்திய வரி 0 என்று காட்டும். டபுள் என்று அறிவித்தால் 0.777778 வரும். லேபில் போட்டுப் பாருங்க.

அடாவின் கடைசிக் காலம் நன்றாக இல்லை. குதிரைப் பந்தயத்தில் பணத்தை இழந்தார். புற்றுநோயில் படாத பாடுபட்டு 1852 நவம்பர் 27-ல் இறந்தார். வயது 36; அப்பா இறந்ததும் அதே வயதில்தான். ஹக்னல் ஊர்த் தேவாலயத்தில் அப்பாவின் பக்கத்திலேயே புதைத்தார்கள். 1980-ல், அவர் பிறந்த அதே டிசம்பர் 10-ல், அமெரிக்க ராணுவம் அடா என்ற கணினி மொழிக்கு ஒப்புதல் தந்தது. அதன் தர எண் 1815.