கியூரி அம்மையாரின் மாணவப் பருவம்

ரேடியத்தைக் கண்டறிந்த கியூரி அம்மையாரைப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் என்றே பலரும் எண்ணுவர். அவரோ பிறப்பால் போலந்து நாட்டவர். கல்வி கற்கும் பொருட்டே பாரிஸ் மாநகரம் புகுந்தவர். மரியா ஸ்க்லோடோவ்ஸ்கா என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். மான்யா என்று வீட்டார் செல்லமாக அழைத்தனர். 1867-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7-ஆம் நாள், வார்சா நகரில், ஐந்து மக்களுள் கடைக்குட்டியாக அவர் தோன்றினார். தந்தையார் பௌதிகமும் கணிதமும் கற்பித்த ஆசிரியர். தாயார் பெண்கள் பள்ளி ஒன்றை நடத்தியவர். காச நோய்க்கு ஆளாகி, மான்யாவுக்குப் பத்து வயது நடக்கும்போதே மறைந்தார்.

அந்நாளில் போலந்து என்றொரு நாடு உலகப் படத்தில் இல்லை. இரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்னும் மூன்று வல்லரசுகள் அதனைக் கூறுபோட்டுக் கொண்டிருந்தன. வார்சா இரஷ்யப் பேரரசர் ஜாரின் ஆட்சியில் இருந்தது. பள்ளிகளில் இரஷ்ய மொழியிலேயே பாடம் நடத்தவேண்டும் என்பது கட்டளை. ஆசிரியர்களோ போலந்து நாட்டின் வரலாற்றை அதன் சொந்த மொழியிலேயே மறைவாகக் கற்பித்து வந்தனர். அரசாங்க அதிகாரி வருகின்றார் என்பதற்கு அடையாளமாக மணி ஒலித்தால், அந்நூல்கள் நொடிப் பொழுதில் மறைந்துவிடும். வகுப்பில் இரஷ்ய மொழியைப் பிழையின்றிப் பேச வல்லவர் மான்யா. ஆதலின் அதிகாரி கேட்கும் வினாக்களுக்கு விடை கூறும் பொறுப்பு அச்சிறுமிக்கே வாய்த்தது. தம் நாட்டை அடிமைப்படுத்திய மன்னர்களின் பெயர்களை வரிசை பிறழாமல் ஒப்புவித்துவிட்டு, அதிகாரி வெளியேறியதும் அவர் விம்மி அழுதார்.

1883-ஆம் ஆண்டில் பொற்பதக்கம் பெற்றுப் பள்ளிப் படிப்பை முடித்தார். ஆனால், அதற்கு மேல் வழியில்லை. வார்சாப் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. காவலர் கண்ணில் படாமல் வீடு மாற்றி வீடு மாற்றி நடந்த இரகசிய வகுப்புகள் சில இருந்தன. ஓரிடத்தில் நிலைத்து நில்லாமையால் அதனைப் பறக்கும் பல்கலைக்கழகம் என்று மக்கள் அழைத்தனர். மான்யாவும் அவர்தம் தமக்கை புரோனியாவும் அங்கே பயின்றனர். எனினும், இருவர் வேட்கையும் அதனால் தணியவில்லை. புரோனியா மருத்துவம் பயில விரும்பினார். மான்யாவின் நாட்டமோ விஞ்ஞானத்தில். பாரிஸில் உள்ள சார்போன் பல்கலைக்கழகம் பெண்களை ஏற்றுக்கொண்டது. ஆனால், தந்தையார் கையில் பொருளில்லை. புரோனியா சேர்த்து வைத்திருந்த தொகை பயணத்துக்கும் ஓராண்டுப் படிப்புக்குமே போதும். மருத்துவப் படிப்போ ஐந்தாண்டு.

இந்நிலையில் தங்கை ஒரு வழி கூறினார். முதலில் அக்காள் பாரிஸுக்குச் செல்வது. தான் ஒரு வீட்டில் ஆசிரியையாக அமர்ந்து, ஈட்டும் பொருளை அனுப்புவது. அக்காள் மருத்துவரான பின் தங்கையை அழைத்துப் படிக்கவைப்பது. பதினெட்டு வயதும் நிரம்பாத பெண்ணின் திட்டம் இது. மூத்தவர் முதலில் மறுத்தார். பின்னர்க் கண் கலங்கி இசைந்தார். 1885-இல் புரோனியா பாரிஸுக்குப் புறப்பட்டார்.

1886-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மான்யா, வார்சாவுக்கு வடக்கே தொலைவில் இருந்த ஒரு சிற்றூரை அடைந்தார். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு விளையும் வயல்கள். நடுவே அப்பண்ணையை நிருவகித்தவரின் வீடு. அவ்வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்வது அவர் பணி. ஊதியத்தில் ஏறத்தாழப் பாதி மாதந்தோறும் பாரிஸுக்குப் போயிற்று. ஓய்வு நேரத்தில் உழவர்களின் பிள்ளைகளைக் கூட்டித் தாய்மொழியில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். ஆட்சியாளர் அறிந்தால் தண்டனை உறுதி. இரவில் யாவரும் உறங்கியபின், கணித நூல்களையும் பௌதிக நூல்களையும் விரித்து வைத்துக்கொண்டு தாமாகவே பயின்றார். இவ்வாறு மூன்றாண்டுகளுக்கு மேல் அவ்வூரில் கழிந்தன. வார்சாவுக்குத் திரும்பிய பின்னும் ஆசிரியைப் பணி தொடர்ந்தது.

1890-இல் புரோனியாவின் கடிதம் வந்தது. அவர் படிப்பு முடியும் தறுவாயில் இருந்தது. தம்மைப் போலவே மருத்துவம் பயின்ற போலந்து நாட்டவர் ஒருவரை மணக்கவும் இருந்தார். உறைவிடமும் உணவும் தாம் தருவதாகவும் உடனே புறப்படவேண்டும் என்றும் எழுதியிருந்தார். அத்தனை ஆண்டுகள் காத்திருந்த மான்யாவோ தயங்கினார். முதுமை எய்திய தந்தையாரைத் தனியே விட்டுச் செல்ல அவருக்கு மனமில்லை. இத்தயக்கத்திலேயே மேலும் ஓராண்டு கழிந்தது. அவ்வாண்டும் வீணாகவில்லை; உறவினர் ஒருவரின் பொறுப்பில் இருந்த சிறு ஆராய்ச்சிச்சாலையில் சோதனைகள் செய்து பார்க்கும் வாய்ப்பு, வாழ்நாளில் முதன்முறையாக அங்கேதான் அவருக்குக் கிட்டியது. கற்று முடித்ததும் திரும்பி வந்து தந்தையாருடன் வாழ்வது என்னும் உறுதியுடன், 1891-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவர் புகைவண்டி ஏறினார்.

ஜெர்மனியின் வழியே செல்லும் வண்டியில் நான்காம் வகுப்புக்கே அவரால் சீட்டு வாங்க முடிந்தது. அவ்வகுப்பில் போதிய இருக்கை கிடையாது. எனவே, மடக்கு நாற்காலி ஒன்றையும் வழிக்கு வேண்டிய உணவையும் போர்வையையும் உடன் எடுத்துச் சென்றார். குளிரில் போர்த்தியவாறு அந்த நாற்காலியில் அமர்ந்தே பாரிஸ் போய்ச் சேர்ந்தார். பல்கலைக்கழகப் பதிவேட்டில் தம் பெயரைப் பிரெஞ்சு முறையில் மேரி என்று எழுதினார். அக்காலத்தில் விஞ்ஞானப் பிரிவில் பயின்ற ஏறத்தாழ 1,800 மாணவர்களுள் பெண்கள் 23 பேரே.

முதலில் அவர் கண்டது தம் குறைகளை. நன்கு தெரியும் என்று நம்பியிருந்த பிரெஞ்சு மொழி, பேராசிரியர் விரைந்து பேசும்போது செவிக்கு எட்டுமுன் நழுவி ஓடிற்று. தாமாகவே கற்ற கணிதத்தில் இடையிடையே பெரும் பள்ளங்கள் இருந்தன. உடன் பயில்வோர் முறையான பள்ளிகளில் கற்றுத் தேறி வந்தவர்கள். அவர்களுக்கு இணையாக நிற்க இரவு பகலாய் உழைக்கவேண்டியிருந்தது. தமக்கையின் வீடு அன்பு நிறைந்ததே. ஆனால் ஓசையும் நிறைந்தது. நோயாளிகளும் தாய்நாட்டு நண்பர்களும் வந்தவண்ணம் இருந்தனர். பல்கலைக்கழகத்துக்குக் குதிரை வண்டியில் செல்ல ஒரு மணி நேரம் பிடித்தது. ஆகவே, சில திங்களுக்குப்பின் பல்கலைக்கழகத்தின் அருகிலேயே தனி அறை ஒன்றை அமர்த்திக்கொண்டார்.

அது ஆறாம் மாடியில், கூரையை ஒட்டிய சிறு மச்சு அறை. அறையைச் சூடாக்க வேண்டிய நிலக்கரியை வாளியில் இட்டு அவரே அத்தனை படிகளும் சுமந்து ஏறுவார். கடுங்குளிர் நாட்களில் முகம் கழுவும் பாத்திரத்து நீர் உறைந்து பனிக்கட்டியாகும். அப்போது தம் உடைகள் யாவற்றையும் போர்வையின்மேல் குவித்துக்கொண்டு படுப்பார். நாளொன்றுக்கு மூன்று பிராங்குக்குள் வாடகை, உணவு, உடை, நூல், கட்டணம் அனைத்தும் அடங்கவேண்டும். மாலையில் விளக்கும் வெப்பமும் இலவசமாய்க் கிடைக்கும் பொது நூலகத்தில் அமர்ந்து பத்து மணி வரை படிப்பார். பின்னர் அறைக்கு மீண்டு, மண்ணெண்ணெய் விளக்கொளியில் இரவு இரண்டு மணி வரையிலும் படிப்பார்.

உணவு பெரும்பாலும் ரொட்டி, வெண்ணெய், தேநீர். சமைக்கும் நேரத்தில் பௌதிகத்தில் ஓர் அதிகாரம் படித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. ஒரு நாள் தோழி ஒருத்தியின் முன்னிலையில் மயங்கி விழுந்தார். செய்தி அறிந்து ஓடிவந்த தமக்கையின் கணவர், அறை முழுவதும் தேடியும் சமைத்த உணவின் அடையாளத்தைக் காணவில்லை. உடனே தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று, இறைச்சியும் உருளைக்கிழங்கும் உண்ணச் செய்து, சில நாள் படுக்கையில் கிடத்தினார். பட்டினியை அம்மையாரின் பெருமையாகப் பேசுவது தவறு. அது அவர் படிப்புக்குத் துணை செய்யவில்லை. படிப்பைத் தடுக்கவே பார்த்தது. வறுமை ஒரு பங்கு என்றால், உடம்பைப் பேணாத அசட்டை மற்றொரு பங்கு.

1893-ஆம் ஆண்டு கோடையில் பௌதிகத் தேர்வின் முடிவு வெளியாயிற்று. பட்டியலின் முதற் பெயர், போலந்திலிருந்து வந்த அந்தப் பெண்ணின் பெயர். விடுமுறைக்கு வார்சா சென்ற அவரிடம் மீண்டும் பாரிஸுக்குத் திரும்பப் பொருளில்லை. கணிதத்திலும் பட்டம் பெறவேண்டும் என்னும் ஆசை கைகூடாது என்றே தோன்றிற்று. அச்சமயம், வெளிநாட்டில் பயிலும் தகுதி வாய்ந்த போலந்து மாணவர்க்கு உரிய உபகாரச் சம்பளம் 600 ரூபிள், நண்பர் ஒருவரின் முயற்சியால் அவருக்குக் கிடைத்தது. அதனைக் கொண்டு 1894-இல் கணிதப் பட்டமும் பெற்றார். அத்தேர்வில் அவருக்கு இரண்டாம் இடம்.

சிறிது காலம் சென்றது. எஃகு வகைகளின் காந்தத் தன்மையைப் பற்றி ஆராயும் பணிக்காகத் தொழிற்சங்கம் ஒன்று அவருக்கு ஊதியம் தந்தது. அதிலிருந்து மிச்சம் பிடித்து, 600 ரூபிளையும் அந்நிதிக்கே திருப்பி அனுப்பினார். உபகாரச் சம்பளத்தை ஒருவர் திருப்பித் தருவது என்பது அந்நிதியின் செயலாளர் கேள்விப்படாத ஒன்று. வேறொரு ஏழை மாணவர் அப்பணத்துக்காகக் காத்திருப்பார் என்பதே அம்மையாரின் எண்ணம்.

இந்தக் கடனைத் தீர்த்தவரால் மற்றொரு கடனைத் தீர்க்க இயலவில்லை. எஃகு ஆராய்ச்சிக்கு இடம் தேடியபோது, 1894-இன் வசந்த காலத்தில், பியர் கியூரி என்னும் விஞ்ஞானி அறிமுகமானார். அவர் தம்மை மணக்குமாறு வேண்டினார். மணந்தால் தாய்நாட்டையும் தந்தையாரையும் பிரிந்தே வாழவேண்டும். ஓராண்டுக்கு மேல் மனம் போராடியபின், 1895 ஜூலை 26-ஆம் நாள் மேரி, கியூரி அம்மையார் ஆனார். தந்தையார் வந்திருந்து மகளை வாழ்த்தினார். 1898 ஜூலையில் கணவரும் மனைவியும் புதிய தனிமம் ஒன்றைக் கண்டறிந்தபோது, உலகப் படத்தில் இல்லாத தம் நாட்டின் பெயரால் அதற்குப் பொலோனியம் என்று அம்மையார் பெயரிட்டார். அவ்வாண்டின் இறுதியில் ரேடியம் வெளிப்பட்டது. 1902-இல் தந்தையார் நோயுற்றார் என்ற செய்தி கேட்டு வார்சாவுக்கு விரைந்தார். அவர் சென்று சேருமுன் தந்தையார் உயிர் பிரிந்துவிட்டது.

1903-இலும் 1911-இலும் நோபெல் பரிசுகள் வந்தன. பாரிஸில் ரேடிய ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1918-இல் போலந்து விடுதலை பெற்றது. வார்சாவிலும் அத்தகைய நிலையம் ஒன்று அமையவேண்டும் என்பது அம்மையாரின் நெடுநாள் அவா. அமெரிக்க மக்கள் 1929-இல் ஒரு கிராம் ரேடியம் வாங்குவதற்குப் பொருள் திரட்டி அளித்தபோது, அதனை அவர் அந்நிலையத்துக்கே கொடுத்துவிட்டார். 1932 மே மாதத்தில் அது திறக்கப்பெற்றது. அம்மையாரும் அவ்விழாவுக்குச் சென்றிருந்தார். பொது மக்களிடம் நன்கொடை திரட்டிக் கட்டடத்தை எழுப்பியவரும், அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவரும் மருத்துவர் புரோனியா.