ஊர்ப்பெயர் காத்த உத்தமர்

கடல் சூழ்ந்த சிற்றூர்களில் மேடு, ஓடை, பாறை ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. அறிந்த முதியோர் மறைந்தால் பெயரும் உடன் மறையும். அங்ஙனம் மறையவிருந்த எண்ணற்ற பெயர்களை ஏட்டில் ஏற்றிய யாக்கோப் யாக்கோப்சன் என்னும் அறிஞரின் வரலாற்றை நம் சங்கக் குடும்பத்தார்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

அன்னார் 1864-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22-ஆம் நாள், டென்மார்க்கு நாட்டின் ஆட்சியிலிருந்த பாரோத் தீவுகளில், டோர்ஸ்ஹவன் நகரில் பிறந்தார். தந்தையார் புத்தகம் கட்டும் தொழிலினர். புத்தகக் கடையும் வைத்திருந்தார். மைந்தர் கோபன்ஹேகன் சென்று மொழிநூல் கற்றார்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ளவை செட்லாந்துத் தீவுகள். 1469-இல் டேனிய மன்னர் தம் மகளின் சீதனத் தொகைக்காக அவற்றை ஸ்காட்லாந்து அரசரிடம் அடகு வைத்தார். அவை மீட்கப்படவேயில்லை. நாளடைவில் மக்கள் பேசிய நார்ன் மொழி தேய்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழக்கொழிந்தது. ஆயினும் நிலத்தின் பெயர்களில் அம்மொழி ஒட்டியிருந்தது.

1893-இல் அங்குச் சென்ற யாக்கோப்சன், 1895 வரை தீவு தீவாகவும் திருச்சபைப் பங்கு பங்காகவும் திரிந்தார். உழவரையும் மீனவரையும் அணுகி, அவர்தம் நாவில் வழங்கியவாறே ஒலி பிறழாது எழுதிக்கொண்டார். நார்ன் மொழி அவர்தம் தாய்மொழிக்கு உடன்பிறப்பன்றோ! ஆதலின் பிறர்க்கு வெற்றொலியாய்த் தோன்றிய பெயர்கள் அவர்க்குப் பொருள் தந்தன. லெர்விக் என்பது சேற்று விரிகுடா என்று பொருள்படும். ஹாம்னவோ என்பது துறைமுகக் கடற்கழி. மீனவர் கரையிலுள்ள இரு குன்றுகளை நேர்கோட்டில் நோக்கியே மீன் நிறைந்த கடலிடத்தைக் கண்டனர். குன்றின் பெயர் அவர்க்குச் சோறு அளித்தது என்றால் மிகையாகாது.

சேர்த்தவற்றைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாது, 1895-இல் லெர்விக் நகரில் அம்மக்களுக்கே சொற்பொழிவாற்றி விளக்கினார். 1897-இல் நார்ன் மொழி பற்றிய ஆய்வுக்கு டாக்டர் பட்டம் பெற்றார். 1901-இல் செட்லாந்து ஊர்ப்பெயர் நூல் வெளிவந்தது. சுமார் பதினாயிரம் சொற்கள் கொண்ட அகராதி 1908 முதல் பகுதி பகுதியாக வந்தது. அது முற்றுப்பெறுமுன் 1918 ஆகஸ்ட் 15-இல் அவர் காலமானார். இறுதிப் பகுதி 1921-இல் வெளிவந்தது. அதன் ஆங்கில வடிவம் வெளிவர உடன்பிறந்த சகோதரியார் அன்னா பாடுபட்டார்.

பிழைப்பு நாடி ஊர் கடந்து வாழும் நாமும் விடுமுறையில் ஊர் செல்லுங்கால், வயலுக்கும் குளத்துக்கும் வழங்கும் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டுக் குறித்து வைப்போமாக. நம் குழந்தைகளுக்கு நாம் விட்டுச் செல்லும் செல்வங்களுள் அக்குறிப்பேடும் ஒன்றாகும்.