அணை கட்டிய அண்ணல் ஜான் பென்னிகுயிக்

நீர் உயிரைக் காக்கும். எல்லை மீறினால் அதே நீர் உயிரைப் போக்கவும் செய்யும். இவ்வுண்மையை நம் ஊர் மக்கள் நன்கு அறிவர். 2024 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் பெய்த பெருமழையின்போது, நம் மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,60,000 கன அடிக்கும் மேலான நீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் வீடுகளும் வயல்களும் மூழ்கின. நீரைத் தேக்கி ஆள்வது எத்துணை அரிய செயல் என்று எண்ணும்போது, தமிழ்நாடு மறவாத பொறியாளர் ஒருவரின் வரலாறு நம் நினைவுக்கு வருகிறது. அவரே முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுயிக்.

அவர் 1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். தந்தையார் பிரிட்டிஷ் படையில் தளபதி. 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் உள்ள சிலியன்வாலாவில் நடந்த போரில் தந்தையும் அண்ணன் ஒருவரும் ஒரே நாளில் மாண்டனர். சிறுவன் ஜானுக்கு எட்டு வயது நிறைய அப்போது இரண்டே நாட்கள் இருந்தன. அத்துயரத்தைத் தாங்கி வளர்ந்த அவர், இங்கிலாந்தில் அடிஸ்கோம் இராணுவக் கல்லூரியில் பயின்று, 1860-இல் பொறியாளராகச் சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் பெரியாறு நிறைந்து ஓடி அரபிக் கடலில் கலந்தது. மலைக்கு இப்பால் வைகையோ ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடந்தது. அந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் பழையதே. 1789-இல் இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை ஆட்களை அனுப்பி இதை ஆராய்ந்தார். 1808-இல் கேப்டன் கால்டுவெல் என்பவர் ஆராய்ந்துவிட்டு, இது ஆகாத காரியம் என்று எழுதி வைத்தார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கானோர் பசியாலும் நோயாலும் மடிந்தனர். அதன் பிறகே அரசு விழித்துக்கொண்டது. 1882-இல் திட்டம் தீட்டும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886 அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மறு ஆண்டே வேலை தொடங்கிற்று.

தோழியரே, அணை கட்டுவோர் எதிர்கொள்ளும் பகைவன் யார் என்பதை விஞ்ஞானப் பாடம் நமக்குக் கூறுகிறது. நீரின் அழுத்தமே அந்தப் பகைவன். தகர டப்பா ஒன்றில் மேலும் கீழுமாகத் துளையிட்டு நீரை ஊற்றினால், அடித்துளையிலிருந்தே நீர் மிகுந்த வேகத்துடன் பீறிடும். ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடும் என்பதே காரணம். ஏரி எத்தனை மைல் அகலம் என்பது இங்கே கணக்கில்லை. எத்தனை அடி ஆழம் என்பதே கணக்கு. 43 மீட்டர், அதாவது சுமார் 140 அடி ஆழத்தில், ஒரு சதுர மீட்டர் சுவரின்மீது 43 டன் எடைக்குச் சமமான விசை அழுத்துகிறது. மேலிருந்து அடிவரை கூட்டிப் பார்த்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் 900 டன்னுக்கு மேற்பட்ட விசை தள்ளுகிறது. ஆழம் இரு மடங்கானால் இந்தத் தள்ளுவிசை நான்கு மடங்காகும்!

இத்தனை விசையையும் தன் எடை ஒன்றாலேயே எதிர்த்து நிற்குமாறு அணையை அமைத்தார் பென்னிகுயிக். அதன் உயரம் அடித்தளத்திலிருந்து 176 அடி. நீளம் சுமார் 1,200 அடி. உச்சியில் 12 அடி அகலமே உள்ள அணை, அடியில் சுமார் 140 அடி அகலம் கொண்டது. ரமணாசிரமத்துக்கு அருகே உள்ள சமுத்திரம் ஏரியின் கரையைப் பார்த்தாலும் இதே வடிவம்தான்: மேலே குறுகல், கீழே அகலம். ஏரி வெட்டிய நம் முன்னோர் அனுபவத்தால் கண்டதும், பொறியாளர் கணக்கால் கண்டதும் ஒன்றே அன்றோ!

கணக்கைக் காகிதத்தில் போடுவது எளிது; காட்டாற்றின் நடுவே கட்டுவது எளிதன்று. வெள்ளம் வந்து முடித்த வேலையை அடித்துச் சென்றது. மீண்டும் கட்டினர், மீண்டும் வெள்ளம் வந்தது. யானைகளும் அட்டைகளும் நிறைந்த காட்டில் மலேரியாக் காய்ச்சல் நூற்றுக்கணக்கான தொழிலாளரைப் பலிகொண்டது. சுண்ணாம்பும் செங்கல் தூளாகிய சுர்க்கியும் சுமந்த அந்த ஏழைகளின் பெயர்களை நாம் அறியோம். ஆயினும் அணையில் அவர்களுக்கும் பங்குண்டு. மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் நீண்ட சுரங்கமும் அமைத்தனர். 1895 அக்டோபர் 10-ஆம் நாள் ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். பெரியாற்று நீர் முதன்முறையாகக் கிழக்கே பாய்ந்தது.

அவ்வாண்டிலேயே உலகப் பொறியாளர்கள் மற்றொரு பாடமும் கற்றனர். ஏப்ரல் 27-ஆம் நாள் பிரான்ஸ் நாட்டில் பூசே என்ற அணை உடைந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிணற்று நீரில் மூழ்கிய குடம் இலேசாக இருப்பதையும், நீர்மட்டத்தை விட்டு மேலே வந்தவுடன் கனப்பதையும் நாம் அறிவோம். நீர் பொருளை மேலே தூக்குகிறது என்று 2,200 ஆண்டுகளுக்கு முன்பே ஆர்க்கிமிடீஸ் கண்டார். அணையின் அடியில் கசிந்து புகும் நீரும் அவ்வாறே அணையை மேல்நோக்கித் தள்ளி, அதன் எடையின் பயனைக் குறைத்துவிடும். பூசே விபத்துக்குப் பின்னரே இதைப் பொறியாளர்கள் முழுமையாகக் கணக்கில் கொள்ளத் தொடங்கினர். எனவேதான் 1979-க்குப் பின் பெரியாறு அணையின் தலைமீது கான்கிரீட் பாரம் ஏற்றினர். எஃகு வடங்களால் அதைப் பாறையோடு பிணைத்தனர். பின்புறம் கான்கிரீட் சுவரால் முட்டுக் கொடுத்தனர். 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. அணைக்குக் கீழே வாழும் கேரள மக்களின் அச்சமும், நீரை நம்பி வாழும் தமிழக உழவரின் கவலையும் நாம் மதிக்க வேண்டியவையே. இரண்டிற்கும் விடை காண அன்பும் வேண்டும். சரியான அளவும் கணக்கும் வேண்டும்.

பணி முடிந்து இங்கிலாந்து திரும்பிய பென்னிகுயிக், பொறியியல் கல்லூரி ஒன்றின் தலைவராக விளங்கி, 1911 மார்ச் 9-ஆம் நாள் காம்பர்லியில் காலமானார். அவர் தம் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று தேனிப் பகுதியில் அன்புடன் கதை சொல்வர். அணையின் செலவை ஏற்றது சென்னை அரசே. ஆனால் வெள்ளம் கொண்டுபோன இடத்தில் மறுபடியும் முதல் கல்லை வைக்கும் மனவுறுதியை எந்த அரசும் கொடுக்க இயலாது. அந்த உறுதி அவருடைய சொந்தச் சொத்து. லோயர் கேம்ப்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபம் எழுந்தது. அவர் பிறந்த நாளில் அவ்வூர் மக்கள் பொங்கல் வைத்து நன்றி கூறுகின்றனர்.

அழுத்தம், மிதப்பு விசை என்று நாம் தேர்வுக்காகப் படிக்கும் பாடங்கள், ஓர் ஊர் உண்பதற்கும் ஓர் ஊர் உறங்குவதற்கும் காவலாய் நிற்பவை. அவற்றைப் பொருளுணர்ந்து படிப்போம். நம்மிடையேயிருந்தும் நாளை அணை காக்கும் பெண் பொறியாளர்கள் தோன்றட்டும்!