படைப்பா? பரிணாமமா? – அறிஞர் வாலஸின் வாழ்க்கை
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

உயிர்கள் எவ்வாறு தோன்றின என்பது மனித குலம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் வினா. கண்ணின் அமைப்பையும் பறவையின் சிறகையும் காண்போர், இவற்றை வகுத்தமைத்த ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்று எண்ணுவது இயல்பே. 1802-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சமய அறிஞர் வில்லியம் பேலி இவ்வெண்ணத்தை ஒரு நூலாகவே எழுதினார். கீழே கிடக்கும் கடிகாரத்தைக் காண்பவர், அதைச் செய்தவர் ஒருவர் உண்டு என்று உணர்கிறார். உயிர்களைக் காண்பவரும் அவ்வாறே உணரவேண்டும் என்பது அவர் வாதம். இதற்கு மாற்று விடை கண்டவர் சார்லஸ் டார்வின் என்பதை யாவரும் அறிவோம். அதே விடையைத் தனித்து நின்று கண்ட மற்றொருவரும் உண்டு. அவரே ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். ஆனால், பிற்காலத்தில் மனித மூளைக்கு மட்டும் அவ்விடை போதாது என்று கூறியவரும் அவரே. ஆகவே அவர் வரலாறு, இவ்விவாதத்தின் வரலாறாகவும் அமைகிறது.

இளமையும் வறுமையும்

வாலஸ் 1823-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் பிறந்தார். தந்தையார் இருந்த பொருளையும் இழந்ததால், பதினான்கு வயதளவிலேயே மகனின் பள்ளிப் படிப்பு நின்றது. பின்னர் அண்ணனுடன் ஊர் ஊராகச் சென்று நில அளவைத் தொழில் செய்தார். அளவைச் சங்கிலியுடன் வயல்வெளிகளில் அலைந்த நாட்களில்தான் செடிகொடிகள் அவர் மனத்தைக் கவர்ந்தன. டார்வின் கேம்பிரிட்ஜில் பயின்ற செல்வர். வாலஸோ பல்கலைக்கழகத்தில் பயிலாதவர். நூலகங்களே அவருக்குக் கல்லூரி. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நம்மில் பலருக்கு அவர் பெயர் ஊக்கம் தரவேண்டும்.

கடலும் காடும்

1848-இல் நண்பர் பேட்ஸுடன் அமேசான் காட்டிற்குச் சென்றார். பறவைகளையும் பூச்சிகளையும் பிடித்து, அவற்றை விற்ற வருவாயில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அங்கு உதவிக்கு வந்த தம்பி ஹெர்பர்ட் 1851-இல் மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியானார். 1852-இல் தாயகம் திரும்புகையில், நடுக்கடலில் கப்பல் தீப்பற்றி எரிந்தது. நான்காண்டு உழைப்பில் சேர்த்தவற்றில் பெரும்பகுதி கண்முன்னே சாம்பலாயிற்று. பத்து நாட்கள் திறந்த படகில் தத்தளித்த பிறகே வேறொரு கப்பல் அவரைக் காப்பாற்றியது.

வேறொருவராயின் அத்துடன் ஓய்ந்திருப்பார். வாலஸோ 1854-இல் மீண்டும் புறப்பட்டு, மலேயத் தீவுக்கூட்டத்தில் எட்டாண்டுகள் சுற்றினார். சுமார் 14,000 மைல் பயணம் செய்து, 1,25,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சேகரித்தார். பாலி, லம்போக் ஆகிய இரு தீவுகளுக்கும் இடையே குறுகிய கடலே உள்ளது. ஆயினும் ஒருபுறம் ஆசியப் பறவைகளும் மறுபுறம் ஆஸ்திரேலிய இனப் பறவைகளும் வாழ்வதைக் கண்டு வியந்தார். அந்த எல்லை இன்றும் வாலஸ் கோடு என வழங்குகிறது. ஒவ்வோர் உயிரும் தன் தட்பவெப்பத்திற்கெனத் தனியே படைக்கப்பட்டிருப்பின், ஒத்த சூழலுடைய அண்டைத் தீவுகளில் இவ்வளவு வேற்றுமை ஏன்? இவ்வினாவே அவரைப் பரிணாமத்தின்பால் செலுத்தியது.

காய்ச்சலில் பிறந்த கருத்து

1858 பிப்ரவரியில் மொலுக்காஸ் தீவுகளில் குளிர்காய்ச்சலால் படுத்திருந்தபோது, மக்கள்தொகை பற்றி மால்தஸ் எழுதிய நூல் அவர் நினைவிற்கு வந்தது. உயிர்கள் பெருகும் அளவிற்கு உணவு இல்லை, பல மடிகின்றன. எவை பிழைக்கின்றன? சூழலுக்குப் பொருத்தமான மாறுபாடு உடையவையே. ஒட்டகச்சிவிங்கி முயன்று தன் கழுத்தை நீட்டவில்லை. சற்று நீண்ட கழுத்துடன் பிறந்தவை பஞ்சத்திலும் தழை மேய்ந்து பிழைத்தன. அவற்றின் குட்டிகளும் அவ்வாறே ஆயின. வடிவமைப்பாளர் ஒருவர் இன்றியே வடிவம் அமையும் வழி புலப்பட்டது!

அக்கருத்தைக் கட்டுரையாக்கி டார்வினுக்கே அனுப்பினார். இருபது ஆண்டுகளாகத் தாம் எண்ணிவந்ததைப் பிறர் கையெழுத்தில் கண்ட டார்வின் திகைத்தார். 1858 ஜூலை 1-ஆம் நாள் லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்துகளும் ஒன்றாகப் படிக்கப்பட்டன. தொலைவிலிருந்த வாலஸிடம் முன்கூட்டிக் கேட்கப்படவில்லை. எனினும் செய்தி அறிந்த அவர் பொறாமை கொள்ளாமல் மகிழ்ந்தார்.

நண்பர்கள் பிரிந்த இடம்

1869-இல் வாலஸ் எழுதிய கட்டுரை ஒன்று டார்வினை அதிரச் செய்தது. மனிதனின் உடல் பரிணாமத்தால் வந்திருக்கலாம். அவன் மூளையை இயற்கைத் தேர்வு மட்டும் ஆக்கியிருக்க முடியாது. மேலான ஓர் அறிவு வழிநடத்தியிருக்க வேண்டும் என்றார் வாலஸ். 1865 முதல் ஆவியுலகக் கூட்டங்களில் அவர் கொண்ட ஈடுபாடு இதற்கு ஒரு காரணம். ஆயினும் அவர் தந்த சான்று சிந்திக்கத்தக்கது. ஐரோப்பியர் காட்டுமிராண்டிகள் என இகழ்ந்த மக்களுடன் பன்னிரண்டு ஆண்டுகள் பழகியவர் அவர். அம்மக்களின் மூளை ஐரோப்பியர் மூளைக்கு ஏறக்குறைய நிகரானது என்பதை ஏற்றவர். இயற்கைத் தேர்வு அன்றாடத் தேவைக்கு மேல் எதையும் தராது. அப்படியானால், எளிய காட்டு வாழ்விற்கு இத்துணைப் பெரிய மூளை எதற்கு? கணிதத்திற்கும் இசைக்குமான ஆற்றல் எவ்வாறு முன்கூட்டியே வந்தது? இவையே அவர் வினாக்கள்.

டார்வின் 1871-இல் வெளியிட்ட மனிதனின் தோற்றம் பற்றிய நூலில் விடையளித்தார். ஆயுதம், பொறி, ஓடம் ஆகியவற்றை ஆக்குவதும், தீ மூட்டுவதும், மொழி பேசுவதும் சிறிய மூளையின் செயல்களா? காட்டு வாழ்வு எளியது என்று எண்ணியதே பிழை என்பது இதன் உட்பொருள். அடிச்சுவடு கண்டு விலங்கைத் தொடர்வதற்கும் ஆயிரம் செடிகளை இனங்காண்பதற்கும் எவ்வளவு அறிவு வேண்டும்! ஒரு பணிக்காக வளர்ந்த ஆற்றல் பின்னர் வேறு பணிக்கும் உதவும் என்பதையும் இன்றைய உயிரியல் ஏற்கிறது.

காலமும் ஒரு சான்று தந்தது. வாலஸ் சென்று திரும்பிய ஜாவாத் தீவிலேயே, 1891-இல் டுபாய் என்பவர் தொல்மனித மண்டையோடு ஒன்றைக் கண்டெடுத்தார். அதன் மூளைக் கொள்ளளவு சுமார் 900 கன சென்டிமீட்டர். மனிதக் குரங்கினும் பெரிது, நம்முடையதினும் சிறிது. மூளையும் படிப்படியாகவே வளர்ந்தது என்பதைப் பின்னர் கிடைத்த புதைபடிவங்கள் உறுதிப்படுத்தின.

மாறாத நட்பு

கருத்து வேறுபட்டாலும் நட்பு முறியவில்லை. வாலஸ் பணமின்றித் தவித்தபோது, ஆண்டுக்கு 200 பவுன் அரசு உதவித்தொகை கிடைக்க 1881-இல் வழிசெய்தவர் டார்வினே. 1882-இல் டார்வினின் உடலைத் தாங்கிச் சென்றோருள் வாலஸும் ஒருவர். 1889-இல் தாம் எழுதிய நூலுக்கு ‘டார்வினிசம்’ என்றே பெயரிட்டார். மனித அறிவு பற்றிய தம் கருத்தையும் அதிலேயே மறைக்காது எழுதினார். 1913 நவம்பர் 7-ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

மனிதனைப் பற்றிய வாலஸின் முடிவைப் பிற்காலச் சான்றுகள் ஏற்கவில்லை. ஆனால் இகழப்பட்டோரின் அறிவை மதித்த அவர் நெஞ்சையும், நண்பரிடமும் மாறுபட்டுப் பேசிய அவர் துணிவையும் யாரே மறுப்பர்? விவாதத்தில் வெல்வதினும் உண்மையை நாடுவதே பெரிது. மேடைகளில் இதே வினாவைப் பேசி, இறங்கியதும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராது செல்லும் நாம், இவ்விருவரிடமும் கற்க வேண்டியது அறிவியல் மட்டுமன்று.