திரைச் செல்வர் பி. ஆர். பந்துலு

ஒருவர் செய்த நற்காரியத்தின் பயன் அவர் வாழ்நாளிலேயே முற்றும் விளைந்துவிடுமென எண்ணுதல் தகாது. பாட்டன் நட்ட மரத்தின் கனியைப் பேரன் உண்ணுதல் உலகியல்பு. இதற்குப் பி. ஆர். பந்துலு அவர்களின் வாழ்க்கை தக்க சான்றாகும்.

தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து வழங்கும் எல்லைப்புறத்தில் 1910-ஆம் ஆண்டு பிறந்த இவர், இளமையில் அடியேனைப் போலவே பள்ளி ஆசிரியராயிருந்தார். நாடகப் பற்று மேலிட, அத்தொழிலை விடுத்துக் குப்பி வீரண்ணாவின் நாடகக் குழுவிற் சேர்ந்தார். 1936-இல் கன்னடப் படமொன்றில் நடிகராய்த் திரையுலகம் புகுந்து, நாளடைவில் பத்மினி பிக்சர்ஸ் என்னும் நிறுவனத்தின் வாயிலாகப் படங்களைத் தாமே தயாரித்து இயக்கலானார். எனினும் பழைய தொழிலை மறந்தாரல்லர். 1958-இல் ‘ஸ்கூல் மாஸ்டர்’ என்னும் கன்னடப் படத்தை இயக்கி, அதில் ஆசிரியராய்த் தாமே நடித்தார்.

தமிழர்க்கு அவர் 1959-இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, 1961-இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ ஆகியவற்றை அளித்தார். பின்னதற்குத் தேசிய விருது கிட்டிற்று, பொருளோ நட்டமாயிற்று. அவர் மனந்தளராது, பெரும்பொருள் செலவிட்டுக் குருக்ஷேத்திரம் வரை சென்று படம்பிடித்து, 1964-ஆம் ஆண்டுப் பொங்கலன்று ‘கர்ணன்’ படத்தை வெளியிட்டார். அதுவும் செலவுக்கேற்ற வருவாய் தரவில்லை. மறு ஆண்டு வெளிவந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ பெருவெற்றி பெற்றது. 1974-இல் பந்துலு காலமானார்.

அவர் மறைந்து 38 ஆண்டுகள் கழிந்தபின், 2012-இல், ‘கர்ணன்’ டிஜிட்டல் முறையிற் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் அரங்குகளுக்கு வந்து, 100 நாட்களுக்கு மேல் ஓடிற்று. 2014-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’, 2015-இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ ஆகியனவும் அவ்வாறே புத்துயிர் பெற்றன.

என் தந்தையார் இளமையிற் கண்ட ‘கர்ணன்’ படத்தை, அவரோடும் என் மகனோடும் ஒரே வரிசையில் அமர்ந்து அடியேன் கண்டேன். தேர்ச்சக்கரம் மண்ணிற் புதைந்தபொழுது மூவருமே பேச்சற்றிருந்தோம். அவ்வுழைப்புக்குரிய கூலி அன்றுதான் அளிக்கப்பட்டதென எனக்குத் தோன்றிற்று. அதனைப் பெறுதற்கு அவர்தாம் இல்லை.

படச்சுருளும் ஏட்டுச்சுவடி போன்றதே, பேணுவாரின்றேல் அழியும். நம் இல்லங்களிலும் முன்னோர் எழுதிவைத்த ஏடுகளும் எடுத்துவைத்த படங்களும் பரணிற் கிடத்தல் கூடும். செல்லரிக்குமுன் அவற்றைப் பேணி, மக்கட்குக் காட்டுதல் நம் கடமையாகும்.